ஓரச் சீட்டு

வாயாடி என்றுதான் அவனை வீட்டில் கூப்பிட்டார்கள். தூக்கத்தில்கூட யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவன் வாயை மூடக் கற்றது ஒரு சீட்டாட்டத்தில்.

இரும்புக் கிடங்கில் அவனுக்கு வேலை. அக்காவின் கணவர் அங்கேயே கிரேன் ஓட்டினார். அவர் மேலே கூண்டில், இவன் கீழே; சுமைக்குச் சங்கிலி கட்டிக் கொக்கியில் மாட்டுபவன். ஞாயிறு மதியங்களில் அக்கா தன் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு வருவாள், மூவரும் சீட்டெடுப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் எதிராளி கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் மூவரும் சேர்ந்துதான். சீட்டின் முகத்தை மற்றவர்களுக்குக் காட்டிப் பிடிக்க வேண்டும். தன் கையில் இருப்பது தனக்குத் தெரியாது. நிறம் நிறமாக, ஒன்றிலிருந்து ஐந்துவரை அடுக்க வேண்டும். "இது சிவப்பு", "இது மூணு" என்று அடுத்தவருக்குக் குறிப்புக் கொடுக்கலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு சட்டைப் பொத்தான் செலவு. வேண்டாத சீட்டைக் கழித்தால் பொத்தான் திரும்பி வரும். வேண்டிய சீட்டைக் கழித்துவிட்டாலோ, போனது போனதுதான்.

வாரக்கணக்கில் மண்ணைக் கவ்வினார்கள்.

"மாமா, கிரேனையும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?"

"நீ கீழ நிக்கிறப்ப மட்டும் பாத்து ஓட்டுறேன் மாப்ள. இல்லன்னா உங்கக்கா எனக்குச் சோறு போடமாட்டா."

வழியைக் கண்டுபிடித்தவன் வாயாடிதான்.

"பேசிப் பேசியே பொத்தானைத் தீக்குறோம். இனிமே கழிக்கிறது எப்பவும் கையில ஓரமா இருக்கிற சீட்டைத்தான். அந்த ஓரச் சீட்டு முக்கியமானதா இருந்தா மட்டும் வாயத் திறங்க. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா யோசிக்காம அதைக் கழிச்சிரலாம். பேசாம இருக்கிறதும் குறிப்புதான். செலவே இல்லாத குறிப்பு!"

ஆட்டம் அன்றே மாறியது. அடுக்குகள் வாரத்துக்கு வாரம் உயர்ந்தன. முதலில் அக்காவுக்கும் பெருமைதான். ஆனால் ஒரு ஞாயிறு ஐந்து நிறமும் முழுதாக அடுக்கி முடித்தபோது ஒருவரும் கத்தவில்லை, குதிக்கவில்லை. மாமனும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்து லேசாகத் தலையாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஏனோ அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

காரணம் ஒருநாள் சாப்பிடும்போது தெரிந்தது.

"மாப்ள இப்பல்லாம் வாக்கி டாக்கில வாயே தெறக்கிறதில்ல," என்றார் கணவர். "முன்னெல்லாம் காதைத் துளைப்பான். இப்ப நான் சும்மா இருந்தாப் போதும், சரின்னு புரிஞ்சுக்கிட்டு சுமைக்கடியில புகுந்து, அது உக்கார்றதுக்குக் கட்டையப் போட்டுட்டு வந்துர்றான்."

"மேஸ்திரியே அசந்துட்டாரு அக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே மூளையாங்கிறாரு."

"அந்த ஒண்ணாவது இருக்கான்னு பாக்கச் சொல்லு," என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய், உன் சீட்டு என்னன்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருக்கோம். அங்க இவருக்குக் கண்ணு தெரியலன்னா? அப்பவும் பேசாமதானே இருப்பாரு?"

"மாமாவுக்கா? கழுகுக் கண்ணு."

"கிரேன் ஒண்ணும் உன் தையல் மெஷின் இல்லடி," என்று கணவரும் சேர்ந்து சிரித்தார்.

சொல்லிப் பயனில்லை, காட்டித்தான் ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அடுத்த ஞாயிறு தம்பியின் கையில் ஓரச் சீட்டாக வெள்ளை ஐந்து வந்து நின்றது. அந்த ஐந்து ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு முந்திய முறை அவளுடையது. எச்சரிக்க வேண்டியவள் அவள். பொத்தானும் இருந்தது. அவள் வேறு ஒரு சீட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

தம்பி ஒரு கணமும் தயங்கவில்லை. கழித்துவிட்டான்.

"பாத்துக்கிட்டேதானே இருந்தே!" கணவர் மேசையைத் தட்டினார்.

"கண்ணாடி போடல. என்ன சீட்டுன்னு தெரியல, அதான் பேசல," என்று பொய் சொன்னாள். "நான் எதனால பேசலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க."

தம்பி அந்த வெள்ளை ஐந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவன் நிமிர்ந்து கண்ணடித்தான்.

"அக்காவுக்கு வயசாயிருச்சு மாமா. அடுத்த வாரத்துலேர்ந்து நாம ரெண்டு பேரே ஆடுவோம்."

அவளைத்தான் ஆட்டத்திலிருந்து இறக்கினார்கள். இருவராக இன்னும் நன்றாக ஆடினார்கள். அவள் மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். நடுநடுவே காலை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். சீட்டு உரசும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த மழை நாளில் நடந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நீளமான உத்திரங்கள் தலைக்கு மேலே தொங்கின. ஒரு பக்கச் சங்கிலி விளிம்பை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. கீழே நின்றவனுக்கு அது மறைவு. கூண்டின் கண்ணாடியில் தண்ணீர் திரைபோல வழிந்தது. வாயாடி கட்டையைக் கையில் எடுத்தான். மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான், சீட்டு மேசையில் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு உள்ளே குனிந்தான். சங்கிலி விட்டுவிட்டது.

கணவர் அதே ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடியெல்லாம் தண்ணி. ஒண்ணுமே தெரியல," என்றார். "ஏதாவது சிக்கல்னா அவன் கூப்பிடுவான்னு இருந்தேன். அவன் கூப்பிடவே இல்லடி."