ஜாடி வைத்த இடம்

வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். முன் கண்ணாடியில் பெரிதாகச் சிந்தூரப் பொட்டு, விளக்குகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு. வண்டிக்குத் தரை மட்டும் இல்லை. டிரைவர் பக்கம் பெடல்களுக்குக் கீழே முழ அகலத்துக்கு ஒரு தகடு மிச்சமிருந்தது. நான் உட்காரும் பக்கம் அதுவும் கிடையாது. கதவைத் திறந்தால் பவானிபூர் மண்ணும், அதில் கிடந்த ஒரு பீடித் துண்டும் தெரிந்தன. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இந்த வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். இன்று திங்கள். பட்டறையில் ஒருத்தன் கூட ஒரு திருப்புளியைத் தொடவில்லை.

"இன்னிக்கு விஸ்வகர்மா பூஜை, போதி. ஆயுதத்தத் தொட்டா பாவம்" என்றான் நிமாய் மிஸ்திரி, அவனுடைய வங்காளத்தில். வருஷம் முழுக்கக் கிரீஸ் படிந்த லுங்கியில் கிடப்பவன், இன்று குளித்துத் தலைசீவி, வெள்ளை வேட்டியில் புது மாப்பிள்ளை போல நின்றான். 'போதி' என்றால் அண்ணி. அண்ணி என்று கூப்பிட்டுவிட்டால் எதையும் தள்ளிப்போடலாம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

சனிக்கிழமை தரையை அறுத்துப் போட்டான். ஞாயிறு முழுக்க லோட்ஷெட்டிங், வெல்டிங் மிஷின் ஓடவில்லை. திங்கள் பூஜை. செவ்வாய்க்கிழமை கரண்ட் இருக்குமா என்று நான் எந்த மகாராஜாவிடம் போய்க் கேட்பது? போன மாதம் முதல் தடவை காட்டியபோதே, இன்ஸ்பெக்டர் தரையில் திருப்புளியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தேதி தருகிறேன், அதிலும் தேறாவிட்டால் வண்டியை ரோட்டில் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். லேக் மார்க்கெட்டில் எங்கள் மளிகைக் கடை பேருக்குத்தான். பிழைப்பு கரக்பூரில். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் நம் ஜனங்களுக்குப் புளி, அப்பளம், காப்பிக்கொட்டை, என் கையால் போட்ட மாவடு எல்லாம் இந்த வண்டியில்தான் போகும். வெள்ளிக்கிழமை நவராத்திரி ஆரம்பம், மறுநாள் சுண்டலுக்கான கடலை மூட்டைகளோடு அங்கே நிற்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிறவர் புது வேன் வாங்கி, கரக்பூரில் வீடு வீடாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். வண்டி போனால் கரக்பூர் போச்சு, கரக்பூர் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

என் அகத்துக்காரர் வீரராகவனுக்கு இதெல்லாம் உறைத்த மாதிரியே இல்லை. தரை இல்லாத வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, இலைத் தொன்னையில் பூந்தி தின்றுகொண்டிருந்தார். எல்லாம் இவரால் வந்த வினை. பதினைந்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குத் திருமஞ்சனம். எட்டு வாளித் தண்ணீர், உள்ளே வெளியே எல்லாம். இரும்பு ஐயா அது, இற்றுப்போகும் என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த வெள்ளிக்கிழமையும் வாளியோடு போய் நிற்பார்.

இன்று மிஸ்திரியை வைத்துக்கொண்டே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அறுத்தெடுத்த தகடு சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. முறுக்கு போலத் தொட்டால் உதிர்ந்தது.

"நீயே சொல்லு நிமாய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்தினா இரும்பு என்னத்துக்கு ஆகும்?"

அவன் தகட்டைத் திருப்பி வைத்தான். "தண்ணி இல்ல போதி. தண்ணியில போனா ஓரமாத்தான் போகும். இது மேலேர்ந்து நடுவுல தின்னிருக்கு. உப்பு. பாருங்க, வட்டம் வட்டமா."

பார்த்தேன். இரண்டு வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று கொஞ்சம் பெரிது. காம்பஸ் வைத்து வரைந்தது போல விளிம்பு, நடுவில் ஓட்டை. அளந்து பார்க்கத் தேவையில்லை. பெரியது என் மாவடு போட்ட பழுப்பு ஜாடி, சின்னது வெள்ளை ஜாடி. பீங்கான் ஜாடி பின்னால் உருண்டால் உடைந்துவிடும் என்று, வாயில் வேடு கட்டி, முன்னால் என் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் நான் கரக்பூர் போவது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் துணி நனைந்து உப்புத் தண்ணீர் கீழே வழியும். ரப்பர் விரிப்பு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அந்த விரிப்புக்குக் கீழேயே வருஷக்கணக்காக ஊறியிருக்கிறது.

"தாதாவுக்குத் தெரியுமே" என்றான் நிமாய், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. நான் அண்ணி என்றால் என் அகத்துக்காரர் அவனுக்குத் தாதா, அண்ணா. "ரெண்டு வருஷம் முன்னாடியே காட்டினேன். பலகை ஒண்ணு போட்டு மேல விரிப்பப் போடுன்னார். வாரா வாரம் கழுவினா உப்பு போகுமான்னு கேட்டார். கொஞ்சம் போகும்னேன்."

எனக்குக் காது சுட்டது. இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் நான் அந்த மனுஷனை எத்தனை வெள்ளிக்கிழமை, எந்தெந்த வார்த்தையால் வைதிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்ப் பந்தலுக்குள் விஸ்வகர்மா பொம்மையும் அவருடைய யானையும் ஒலிபெருக்கியும் இருபது பேரும். எனக்கு நிற்க இடமில்லை. வேறு வழியில்லாமல் வண்டியில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் ஓட்டை வழியாக நேரே மண்ணில் ஊன்றின.

அவர் தொன்னையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஏன்னா, ரெண்டு வருஷமாத் தெரியுமாமே?"

"ம்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? நான் பாட்டுக்குக் கத்திண்டிருக்கேன், நீங்க பாட்டுக்குத் தலையை ஆட்டிண்டிருக்கேள்! அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த அவஸ்தை உண்டா?"

அவர் ஒரு பூந்தியை எடுத்து வாயில் போட்டு, அவசரமே இல்லாமல் மென்றார். இந்த நிதானத்துக்காகவே அவரை நான் எத்தனையோ தடவை தள்ளிவிட நினைத்ததுண்டு.

"சொன்னா, வைக்கோலைப் போட்டு ஜாடியைப் பின்னாடி ஏத்துங்கோம்பே."

"சொல்லியிருப்பேன்தான். அதுல என்ன?"

"அப்புறம் நீ எதுக்கு வரப்போறே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா ஒரு மனுஷர் வண்டியை அரிக்க விடுவார்? கடையை, பிழைப்பை? போக நாலு மணி, வர நாலு மணி. அந்த எட்டு மணி நேரமும் "மெதுவாப் போங்கோ, ஜாடி" என்பதைத் தவிர நான் வேறு எதுவும் பேசியதாக நினைவில்லை. அவரும் பேசியதில்லை. ஓட்டுவார். பாதி வழியில் கோலாகாட்டில் நிறுத்தி, எனக்கு மண் குவளையில் டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டுவார். அவ்வளவுதான். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், இல்லாத ஜாடியை அணைப்பது போல என் கால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பட்டறைச் சரிவில் ஓடிவந்த மழைத் தண்ணீர் வண்டிக்கு அடியில் புகுந்தது. என் செருப்புக்கு மேல் ஏறி, புடவைக் கரையைத் தொட்டது. எங்கிருந்தோ அறுந்து வந்த ஒரு சிவப்புப் பட்டம் முன் கண்ணாடியில் ஒட்டி, காகிதம் கரைய ஆரம்பித்தது.

"காலைத் தூக்கிக்கோ, நனையறது."

"தூக்கி எங்க வச்சுக்கறது? தரையா இருக்கு?"

பந்தலில் பாட்டு பாதியில் நின்றது. மஞ்சள் பல்பும் போய்விட்டது. இருட்டுக்குள்ளிருந்து நிமாய் தலையை நீட்டி, கம்பத்தையும் ஒயரையும் அண்ணாந்து பார்த்தான்.

வீரராகவன் கிளட்சிலிருந்து காலை எடுத்து, மிச்சமிருந்த அந்த முழ அகலத் தகட்டில் கதவோரமாக ஒடுங்கினார். நான் செருப்பை மண்ணிலேயே விட்டுவிட்டு, கியர் கம்பியைத் தாண்டி, ஈரக்கால் இரண்டையும் அவர் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.