கொக்கி ஸ்பானர்

கல்யாணமாகி மூன்று வாரம் கழித்துத்தான் இன்னாசிராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை மனைவிக்குத் திறந்து காட்டினான். கடத்தூரில் பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். பெட்டி நிறைய வெள்ளைக்காரன் காலத்து ஸ்பானர்கள். பழைய இரும்புக் குவியல்களில் பொறுக்கி, துரு போக்கி, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தான். திட்டு விழும் என்றுதான் நினைத்தான்.

லூர்தம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? வேற இல்லீங்களா?" என்றாள்.

அந்த வாரமே இருவரும் காரிமங்கலம் சந்தைக்குப் போனார்கள். பழைய இரும்பு விற்பவன் விரித்திருந்த சாக்கின் மேல் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். லாடங்களையும் தேய்ந்த ஏர்க்கொழுக்களையும் ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு துருக்கட்டியை இழுத்தாள். ஒரு முனை கொக்கிபோல் வளைந்திருந்தது. அது என்னவென்று இன்னாசிராஜுக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்று கையில் கிடைத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், புடவையெல்லாம் துரு.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். அடுத்தது புளி, அவள் யோசனை.

"பித்தளைக் குண்டானுக்கு ஆவுற புளி இதுக்கு ஆவாதுங்களா?"

ஆயிற்று. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க எழுத்து எழும்பியது. லூர்தம்மாள் கூட்டிக் கூட்டி, "பர்... மிங்... காம்" என்று படித்து முடித்ததும் அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். மண்ணெண்ணெய்த் தட்டு கவிழ்ந்தது. வீடு நாறிய நாற்றத்தில் அடுப்பு பற்றவைக்கப் பயந்து, பொரி வாங்கித் தின்றார்கள்.

இது எதைத் திருக? வட்டமாகக் கண்ணில் பட்டதிலெல்லாம் லூர்தம்மாள் மாட்டிப் பார்த்தாள். கிணற்று ராட்டினம், தையல் மிஷின் சக்கரம், பக்கத்து வீட்டு ஆட்டுக்கல். எதையும் அது கவ்வவில்லை.

மோட்டாரை எடுத்துப்போக வந்த விவசாயி மாதையன் அதைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"எங்கப்பன் மோட்டார் சைக்கிள்ல இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு தம்பி. வண்டி மாட்டுக் கொட்டாயில கெடக்குது. சைலன்சர் நட்டு திரும்பமாட்டேங்குதுன்னு ஆளாளுக்குச் சுத்தியல்ல அடிச்சுட்டு வுட்டுட்டாங்க."

மோட்டாரை அங்கேயே போட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள். வைக்கோலையும் சாணியையும் விலக்கினால் இஞ்சினில் குழாய் சேரும் இடத்தில் பல்பல்லாக ஒரு வளையம். லூர்தம்மாள் கொக்கியை வைத்தாள்.

"புடிச்சிருச்சு" என்றாள், யாரையோ எழுப்பிவிடுவோமோ என்பதுபோல மெதுவாக.

அவளும் இன்னாசிராஜும் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு மறுபடி இழுத்ததும் வளையம் கிரீச்சென்று திரும்ப, இரண்டு பேரும் வைக்கோலில் மல்லாந்தார்கள். மாதையன் குழாயைக் கழற்றித் தட்டினார். உள்ளேயிருந்து கடலைக்காய்த் தோல் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது.

"எங்கொல்லையில எலி தூக்கிட்டுப் போன கடலைக்காயெல்லாம் இங்கதான் இருந்திருக்குது" என்று மாதையன் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிளக், கார்புரேட்டர், புது டியூப் என்று சில நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொட்டகைக்கு வந்து, குழாயை மாட்டுமுன் சும்மா ஒருமுறை இன்னாசிராஜ் உதைத்துப் பார்த்தான். வண்டி வெடிச் சத்தத்தோடு கிளம்பியது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. லூர்தம்மாள் பின்னால் தாவி ஏறினாள். கடத்தூர் கடைத்தெரு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. அவன் முதுகில் ஸ்பானரால் தட்டி, "இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து" என்றாள்.

திரும்பி வந்ததும் இன்னாசிராஜ் குழாயை மாட்டக் கையில் எடுத்தான்.

"அது கெடக்கட்டும்" என்றார் மாதையன், வேட்டியை மடித்துக் கட்டியபடி. "மொதல்ல என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ."

"நான் எறங்கமாட்டேனுங்க" என்றாள் லூர்தம்மாள்.

மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள்.