புளி போட்டுத் துலக்கிய ராஜ்யங்கள்

வேலம்மா வைத்த இரண்டு ஓட்டைக் காலணாக்களின் வழியாகவும் ஸ்தனிஸ்லாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இன்னாம்மா இது! ஓட்டை வழியா என்னியே பாக்குறாரே!" என்று பக்கத்து வீட்டு வேலம்மா பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸின் மனைவி மர்சலினுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. முட்டிய சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சண்டைக் காலமென்று சர்க்கார் செம்பை மிச்சம் பிடிக்கக் காலணாவின் வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டது. கனமான வெள்ளி ரூபாய்களெல்லாம் யார் யார் வீட்டிலோ பதுங்கிவிட்டன. இந்த வீட்டில் இருந்தது கொஞ்சம் காகித நோட்டும் இந்த ஓட்டைக் காசுகளும்தான். விடியற்காலை ஜெபத்தின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷனின் கண்கள், எத்தனை முறை நீவிவிட்டாலும் மூடமாட்டோம் என்றன.

"பெட்டி வர்றதுக்குள்ள கண்ணை மூடியாகணும்," என்றாள் ஸ்தனிஸ்லாஸின் அக்கா ஐவி. "திறந்த கண்ணோட போனா, எதையோ தேடிக்கினே போவான்னு சொல்வாங்க. கனமான காசா எடு, மர்சலின்."

"எதுத்த வூட்ல வெள்ளி ரூபா கீது. வாங்கியாரட்டா?" என்றாள் வேலம்மா.

"கூடாது. கண்ணுல வைக்கிறது செத்தவன் சம்பாதிச்ச காசா இருக்கணும். எடுத்தப்புறம் கோயில்ல ஏழைங்க உண்டியல்ல போட்டுடணும். வீட்டுக்குள்ள திரும்பக் கூடாது. எங்க குடும்பத்துல அதான் வழக்கம்."

மர்சலின் எழுந்துபோய் அலமாரியின் தலையில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். அதை அவள் தொட்டது அன்றைக்குத்தான்.

அவ்வளவு வெறுப்பு அதன்மேல். கல்யாணமான புதிதில், மயிலாப்பூர் டிராமில் சில்லறையோடு சில்லறையாக யாரோ ஒரு வெளிதேசத்துக் காசைத் தள்ளிவிட, ட்ராயிங் வாத்தியாரான அவள் புருஷன் அதை அசட்டுச் சிரிப்போடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஏமாந்துட்டு வந்து சிரிக்கிறீங்களே, கிணத்துல வீசுங்க" என்றாள் அவள். அவர் வீசவில்லை. காசு சேர்க்கும் பைத்தியம் அவருக்கு அன்றைக்குப் பிடித்தது.

சைதாப்பேட்டைச் சந்தையில் குலாம் முகம்மது பழைய செம்பு, பித்தளை வாங்கி விற்பவர். உருக்கப் போகிற நசுங்கல் பாத்திரங்களுக்கு நடுவே வெளிதேசத்துக் காசுகளும் வந்து விழும். சனிக்கிழமைதோறும் அவற்றைப் பொறுக்கி, செம்பு விலைக்கு நிறுத்து வாங்கி வருவார் ஸ்தனிஸ்லாஸ். வாத்தியார் சம்பளத்தில் உலகத்தைச் சேர்க்க அதைவிட மலிவான வழி ஏது? வந்ததும் சமையலறையில் புளியைக் கிள்ளிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து தேய்ப்பார்.

"மர்சலின், வந்து பாரேன். இதுல ஒரு பறவை இருக்கு."

"புளி விக்கிற விலையில உங்களுக்குப் பறவை கேக்குதா?"

அவள் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

இப்போது அவர் பக்கத்தில், வெள்ளைத் துப்பட்டியின் மேல், டப்பாவைக் கவிழ்த்தாள். ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

பிறை நிலா ஒன்று. கிரீடம் வைத்த ராஜாக்கள், தாடி வைத்த ராஜாக்கள், ஈட்டியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ராணி. பேரீச்ச மரம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள். பாய் விரித்த கப்பல். செங்கல்பட்டைத் தாண்டாத மனுஷன் தேய்த்துத் தேய்த்து இத்தனையையும் மின்ன வைத்திருந்தார். மர்சலின் டப்பாவைக் கீழே வைக்கவும் மறந்தாள். கோயிலில் கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசையில் அத்தனை மெழுகுவர்த்தியும் சேர்ந்து எரியும்போதுதான் அவள் இப்படி வாயடைத்து நின்றிருக்கிறாள்.

"இத்தனை ராஜ்யமும் என் புளிப்பானைக்குப் பக்கத்துலயா இருந்துது?" என்றாள்.

ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முக்கால்வாசியும் மெல்லிசு. கனமாக இருந்தவை இரண்டே. ஒன்று அந்தக் கப்பல். மற்றது ராணி, டிராமில் ஏமாந்து வாங்கிய காசு.

ஓட்டைக் காலணாக்களை எடுத்துவிட்டு, ஒரு இமையில் ராணியையும் மறு இமையில் கப்பலையும் வைத்தாள். சற்று நேரத்தில் கண்கள் மூடிக்கொண்டன. ஐவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெட்டி வந்த கையோடு குலாம் முகம்மதும் வந்தார். சைதாப்பேட்டையிலிருந்து வேகமாக நடந்து வந்த வியர்வை. வாசலில் செருப்பைக் கழற்றியவர், காசுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஐவி உண்டியல் வழக்கத்தைச் சொன்னாள்.

"அம்மா, அந்தக் கப்பல் காசுக்காக எத்தினி நாள் என் மூட்டைங்களை எல்லாம் கவுத்துப் போட்டாரு தெரியுமா? கெடச்ச அன்னிக்கி கடையிலயே குந்திக்கினு அழுதுட்டாரு. அதப் போயி உண்டியல்ல போட்டா பாதிரியார் இன்னா பண்ணுவாரு? கடையில கூட செல்லாது. அந்த மதிப்புக்கு நான் காசு தரேன், அதப் போடுங்க."

ஐவிகூட யோசித்தாள். மர்சலின் இமைகளைப் பார்த்தாள். யாருக்கும் கொடுக்க மனசே வரவில்லை. காலையில் கேட்டிருந்தால் டப்பாவோடு தூக்கிக் கொடுத்திருப்பாள்.

"இல்ல பாய். அவர் கண்ணு மூடுனது இந்தக் காசுக்குத்தான். இதையேதான் உண்டியல்ல போடணும்," என்றாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், சாந்தோம் கோயில் உண்டியலில் அவளே போட்டாள். வேலம்மா வைத்த ஓட்டைக் காலணாக்களும் கண்ணைத் தொட்டவைதானே, அவற்றையும் சேர்த்துப் போட்டாள். கப்பல் கடைசியாக விழுந்தது.

கோயில் வாசலில் காத்திருந்த குலாம் முகம்மது கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு காசு.

"சனிக்கிழமைக்குன்னு வாத்தியாருக்கு எடுத்து வெச்சது. இன்னா காசுன்னு எனுக்கும் தெரியல. சும்மா வெச்சுக்குங்கம்மா."

"அவர் சும்மா வாங்கினாரா?"

"எங்க? தராசுல போட்டாத்தான் கையில தொடுவாரு."

"அப்ப நிறுத்து வெலைய சொல்லுங்க. சனிக்கிழமை நானே கடைக்கு வந்து குடுக்கறேன்."

வெயில் சாய்ந்தபோது வீட்டில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தார்கள். மர்சலின் சமையலறைக்குள் போய்ப் புளியைக் கிள்ளிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். கறுப்புக் கரைந்து விரலில் வழிந்தது. முதலில் ஒரு கால் தெரிந்தது. பிறகு வால். என்ன மிருகமென்று இன்னும் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் புளி எடுக்க எழுந்தாள்.