காதுக்கும் தோளுக்கும் நடுவே

காதுக்கும் தோளுக்கும் நடுவில் நாலு விரல் இடம். அங்கே பட்டால் எழும்பமாட்டாள்.

பந்தைத் தொடையில் தேய்த்தபடி பிரசாந்தினி மனதுக்குள் அளந்தாள். எதிரே மட்டையோடு நிற்பவளின் முகம் அவளுக்குத் தேவைப்படவில்லை. முதுகில் ஜேக்கப் என்று எழுதியிருந்தது, அது போதும்.

பிரசாந்தினிக்கு முப்பத்துநான்கு வயது. பன்னிரண்டு வருடத்தில் ஆறு அணிகள். தலைக்கு நேரே சீறி எழும்பும் அந்த ஒரு பந்துக்காகக் கூப்பிடுவார்கள். வேகம் குறைகிறது என்று யாருக்காவது தோன்றினால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நாலாவது அணியில் இருந்தபோது அவள் பந்தில் ஒருத்தியின் தாடை உடைந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். மைதானமே உறைந்து நின்ற அந்த நேரத்தில் பிரசாந்தினியின் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. லண்டன் பிளேஸ்டோவிலுள்ள வீட்டில் பல் தேய்க்கும்போது இன்றைக்கும் கண்ணாடியைப் பார்க்கமாட்டாள்.

இது பருவத்தின் கடைசி ஆட்டம். பயிற்சியாளர் மாடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் அவளுக்கு அணியில் இடம் உண்டா இல்லையா என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

"மண்டைக்கே போடு," என்றாள் அணித்தலைவி ஹம்சா. சென்னைக்காரி. மைதானத்தில் இருவரும் திட்டம் போடுவது தமிழில்தான், அதுவும் சத்தமாக. யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிச்சல். "சுருட்டை முடிய பாரு, கரீபியன் பொண்ணு. குனியவே தெரியல அவளுக்கு. பொளந்துடு."

"ஓம், போடுறன்."

ஓடி வந்து தோளை முழுதாகச் சுழற்றினாள். பந்து குத்தி எழும்பியது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பினாள். பந்து ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால் இடித்தது. அதே சத்தம். அதே இனிப்பு. முகம் குப்புற விழுந்தவளின் உதடு கிழிந்து வெள்ளைக் கோட்டில் இரத்தம் பரவியது.

பிசியோ ஓடி வந்து கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் அவள் சரியாகப் பதில் சொன்னாள். வேறு ஹெல்மெட் வாங்கி மாட்டினாள். பிசியோ அரை மனதோடு திரும்பிப் போனார். பந்து போட்டவள் போய் விசாரிப்பது வழக்கம். பிரசாந்தினி போனாள், கூடவே ஹம்சாவும்.

அந்தப் பெண் இரத்தத்தைத் துப்பினாள். "அக்கா, அடுத்ததும் மண்டைக்கோ? ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போடுங்கோ."

ஹம்சாவின் வாய் திறந்தபடியே நின்றது. "நீ தமிழா?"

"வெம்பிளி யாக்கோப்புவின்ர மகள். உவங்கள்தான் ஜேக்கப் எண்டு பதிஞ்சு வைச்சிருக்கிறாங்கள்."

"சரி, இனிமே ரகசியம் பேசணும்," என்று சிரித்து மழுப்பிவிட்டு ஹம்சா நகர்ந்தாள்.

பிரசாந்தினி நகரவில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் அவளுடைய தோளுக்கு அப்பால் எதையோ தேடிக்கொண்டிருந்தன. நெஞ்சோடு சேர்த்து இரண்டு விரல்களைக் காட்டினாள். "இது எத்தினை?"

"மூண்டு." பதில் பிழை என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். குரல் தணிந்தது. "சொல்லிப்போடாதேங்கோ அக்கா. இண்டைக்கு வெளியில போனால் பிறகு என்னை எடுக்கமாட்டினம்."

ஓடத் தொடங்கும் இடத்துக்குத் திரும்பும் வழியில் ஹம்சா முழங்கையைப் பிடித்தாள். "காலு ஆடுது பாரு அவளுக்கு. இன்னொண்ணு, அதே இடத்துல. கோச் பாத்துட்டிருக்கார். உனக்கு அடுத்த வருஷம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். விரல்கள் பந்தின் தையலைத் தாமாகவே பிடித்துக்கொண்டன. அந்த நாலு விரல் இடம் கைக்குத் தெரியும். போட்டால் தவறாது. இனிப்பு தொண்டைக்குள் ஏறிவந்தது. அந்தப் பந்தைவிட அதற்குத்தான் அவள் பயந்தாள்.

ஓடாமல், நடந்தே நடுவரிடம் போனாள். அந்தப் பெண்ணுக்குப் பார்வை தெளியவில்லை, பிசியோவை மறுபடி கூப்பிடுங்கள் என்று சொல்லி, பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னடி பண்றே? போட்டுத் தொலை!" ஹம்சா பின்னால் ஓடி வந்தாள். அந்தப் பக்கம் ஜேக்கப் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று.

பந்துவீச வரும்போது நடுவரிடம் கொடுத்து வைத்திருந்த தன் தொப்பியைப் பிரசாந்தினி திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"ஏலாது," என்றாள், இருவருக்கும் கேட்கிற அளவுக்கு மட்டும்.