கண்ணாடி அறைக்குப் போன நரம்பு

செருப்புக் கம்பெனியில் அடித்தோல் ஒட்டுகிறவளின் தொப்புளிலிருந்து கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் வெள்ளை நூலாக ஒரு நரம்பு வெளியே வந்தது. நாளுக்கு ஒரு சாண் வளர்ந்தது. பசை டப்பாக்களைச் சுற்றி, தையல் மிஷின்களுக்கு அடியில் நுழைந்து, பதினெட்டாம் நாள் மேனேஜரின் கண்ணாடி அறைக் கதவிடுக்கில் புகுந்தது. அவள் வீட்டுக்குப் போகும்போது கூடவே நீண்டது; பஸ் கதவு மூடியும் அறவில்லை. யாரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா அவளுக்கு விளக்கினார். "வயித்துப் பிள்ளையோட நரம்பு தானா வழி கண்டுபிடிக்காதும்மா. கால் சதை ஒரு பொருளைச் சுரந்து அதை இழுக்கணும். வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவோம். பசை வாடை அதைக் கெடுத்துடுச்சு. அது கிடைக்காத நரம்பு செத்துடும். இது சாக மனசில்லாம, நல்ல காத்து இருக்கிற இடத்துல ஒரு காலைத் தேடிப் போயிருக்கு."

அந்தக் கட்டடத்தில் நல்ல காற்று ஓரிடத்தில்தான் இருந்தது. அங்கே ஷூவைக் கழற்றிவிட்டு மேஜைக்கடியில் காலை நீட்டியிருந்தவரும் ஒருவர்தான். பெட்டி மடிக்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவரிடம் அவள் மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும், "பத்து வருஷமா நானும் இங்கதானே இருக்கேன், எனக்கென்ன ஆச்சு?" என்று அனுப்பிவிட்டார். இருந்தாராம்! ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர் பெருவிரல் கூச ஆரம்பித்த மறுநாளே அவளைப் பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள், ஜன்னல்களைப் பெரிதாக்கினார்கள். அத்தனை வருடமும் யாருடைய தலைவலியும் அந்த அறைக்குள் போனதில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. பிறந்த பெண்குழந்தை உள்ளங்காலில் ஊசி பட்டும் சிணுங்கவில்லை. மூன்று தெரு தள்ளி மேனேஜர் அலறினார்.

நரம்பை வெட்டிவிடச் சொல்லி அவர் அவள் வீட்டைத் தேடி வந்து அழுதார்.

"வெட்டினா நடக்கவே மாட்டாளாம். வலிதான் உங்ககிட்ட போயிடுச்சு, நடையாவது அவகிட்ட இருக்கட்டும் சார்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. எங்கேயாவது முள் குத்தினால் மேனேஜர் போன் செய்கிறார்: "இடது கால், சுண்டுவிரலுக்குக் கீழ. சீக்கிரம் பாரும்மா." அம்மா பார்த்துப் பிடுங்கி எறிகிறாள். நன்றி சொல்வதில்லை. போன வாரம் பள்ளிக்கூடத்தில் கால் இடறி விழுந்து அழுத தோழியிடம் மகள் கேட்டாளாம்: "ஏன் நீயே அழுவுற? உனக்கு வலிக்கிறதுக்கு ஆள் வைக்கலையா?"