நாற்பது வயிறு

பட்டறையில் அவளுக்குப் பூக்காரி என்று பேர். பூ விற்கிறவள் இல்லை. கூரையின் உட்புறம் ஒட்டுகிற பிளாஸ்டர் பூ, வளைவு, குமிழ் எல்லாவற்றுக்கும் முதல் அச்சு எடுக்கிறவள். பதினோரு வருஷமாக ஒரே மேஜை. கர்ப்பத்தில் எட்டாம் மாதம் பிறந்த அன்று சூப்பர்வைசர் அவளை வாசலிலேயே மறித்துவிட்டான்.

"உனக்கும் மேஜைக்கும் நடுவுல ஒரு முழம் போகுது. கை எட்டுமா உனக்கு? வயித்த எங்கயாவது இறக்கி வச்சிட்டு வா, பாக்கலாம்."

உள்ளே நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். வேலை போனதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்புதான் ராத்திரியும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாளே அவள் மேஜையில் சூப்பர்வைசரின் மச்சான் உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஆளை நாலு பேர் பார்த்துச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை.

பத்தாம் நாள் சூப்பர்வைசரே வீடு தேடி வந்தான். ஒரு ஹோட்டலின் விருந்து ஹாலுக்கு நாற்பது குமிழ் வேண்டுமாம், சட்டியைக் கவிழ்த்த மாதிரி. மச்சான் எடுத்த அச்சு மூன்றும் தட்டு மாதிரி சப்பையாக வந்திருந்தன.

"வீட்ல இருந்தே ஒண்ணு பண்ணிக் குடும்மா. பிள்ளை பெத்துட்டு வந்தா மேஜை உனக்குத்தான்."

"அதை முதலாளி முன்னாடி சொல்லுங்க சார்."

"அவருக்கெதுக்கு இதெல்லாம்? நான் சொன்னா சொன்னதுதான்."

தான் செய்தது என்று காட்டப் போகிறான். அவளுக்கு அது பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. வேறு யாராவது என்றால் கதவைச் சாத்தியிருப்பார்கள். அவள், "அடுத்த வாரம் வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்துகொண்டாள். புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவன். கையில் பிளாஸ்டர் கரைத்த வாளியோடு முழித்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளையை வச்சிக்கிட்டு விளையாடறியா நீ?"

"விளையாட்டில்ல. பழி. வாஸ்லைனை எடு."

நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை வழுக்க வழுக்கத் தடவினான். காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியைச் சாண் நீளத்துக்கு வெட்டி வைத்திருந்தாள். அதை நனைத்து ஒட்டச் சொன்னால் அவன் பழக்கதோஷத்தில் பூச்சுக் கரணையால் ஒரு குவியல் பிளாஸ்டரை அள்ளி அப்பினான்.

"சுவரா நான்? வழிச்செடு முதல்ல! கனமாப் போட்டா சூடேறிப் பொள்ளிடும். மெல்லிசா, ஒண்ணுமேல ஒண்ணா."

வழித்தெடுத்து, துண்டு துண்டாக ஒட்டினான். பிளாஸ்டர் இறுகிக்கொண்டே இளஞ்சூடானது. உள்ளிருந்து ஒரு உதை வந்தது. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டான்.

"உதைக்குதுடி!"

"சூப்பர்வைசர் ஞாபகம் வந்திருக்கும்."

கால் மணி நேரத்தில் வயிற்றை எக்கி அசைத்தாள். ஓடு பொத்தென்று கழன்றது. உள்பக்கம் சோப்புத் தண்ணீர் பூசி, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் மேல் ஓட்டை உடைத்தெடுத்தாள். அச்சு அசல் அவள் வயிறு. இரண்டு நாள் உப்புத்தாளால் இழைத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தப் பத்து முகத்தில் ஒன்று வந்துபோனது. மாதம் ஏற ஏற வெளியே துருத்திக்கொண்ட தொப்புள்மேல் மட்டும் கை வைக்கவில்லை.

"அதையும் இழைச்சிட்டா யாருக்கும் தெரியாதே," என்றான் புருஷன்.

"தெரியணும்."

சூப்பர்வைசர் வந்து டேப் வைத்து அளந்தான். "ஒரு பக்கம் கனமாத் தொங்குற மாதிரி இருக்கே?"

"தலைக்கு மேல போனா சரியாத் தெரியும் சார்."

"நடுவுல இந்தப் பொத்தான்?"

"புது டிசைன்."

"ஜோர்!" என்று அதைச் செல்லமாகத் தடவிக் கொடுத்தான். கதவுக்குப் பின்னால் புருஷனுக்கு இருமல் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, அந்த ஒன்றை வைத்து வார்த்த நாற்பதும் கூரையேறிய பின், முதலாளியும் ஹோட்டல்காரம்மாவும் ஹாலைப் பார்க்க வருகிற நாளைப் பட்டறைத் தோழி ஒருத்தி போனில் சொன்னாள். பூக்காரி குளித்து, நல்ல துணி உடுத்தி, புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். நிறைமாதக்காரியை மறிக்க வாட்ச்மேனுக்கு மனசு வரவில்லை.

உள்ளே சூப்பர்வைசர் கதை அளந்துகொண்டிருந்தான். "இந்த வளைவு முழுக்க என் கையால வந்தது மேடம். ரெண்டு வாரம் தூக்கமில்ல."

அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. முதலாளி திரும்பினார். "அட, பூக்காரி! சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டியே?"

"நிக்கல சார். நிறுத்தினாரு."

ஒரு குமிழுக்கு நேர் கீழே போய், இடுப்பில் கையூன்றி, துணியை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றாள்.

"மேடம், மேல பாருங்க. இப்ப இங்க பாருங்க. மறுபடி மேல."

அந்தம்மா பார்த்தார். கீழே பார்த்தார். கை வாய்க்குப் போயிற்று. "ஐயோ, வயிறு!"

ஒருத்தர் கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. ஹால் முழுக்க நாற்பது நிறைமாதம் தலைகீழாகத் தொங்கியது. நாற்பது தொப்புளும் சூப்பர்வைசரையே பார்த்தன.

சாரத்தின் மேலிருந்து பட்டறை ஆள் ஒருத்தன் கேட்டான்: "ரெண்டு வாரத்துல நாப்பதா சார்! மசக்கை ஏதாவது இருந்துச்சா?"

அதே பத்துப் பேர். இந்தத் தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சூப்பர்வைசர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"இவ வீட்ல பண்ணது சார் இது! என்னை ஏமாத்திட்டா!"

"இப்பத்தானேய்யா உன் கையால வந்ததுன்னே?" என்றார் முதலாளி. பிறகு அவளிடம், எல்லார் காதிலும் விழ, "உடம்பு தேறினதும் வா. உன் மேஜையில வேற ஒருத்தன் உக்கார மாட்டான்" என்றார்.

ஹோட்டல்காரம்மா சிரிப்பில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வளைவு அழகா இருக்கு, கழட்டாதீங்க. அந்தத் தொப்புளை மட்டும் எடுத்துடுங்க."

முதலாளி உப்புத்தாள் கட்டை சூப்பர்வைசரிடம் நீட்டினார். "உன் கையால வந்தது, உன் கையாலயே இழை. வேற யாரும் கை குடுக்கக் கூடாது."

சாரம் ஏறி, கழுத்தை ஒடித்து அண்ணாந்து அவன் தேய்க்கத் தொடங்கினான். வெள்ளைத் தூள் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. பூக்காரி வாட்ச்மேனிடம் நாற்காலி கேட்டு வாங்கி, நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"மூணாவதுல இன்னும் கொஞ்சம் துருத்திக்கிட்டிருக்கு சார். பாத்து, அழுத்தினா பள்ளமாயிடும்."

மேலே தும்மல் சத்தம் கேட்டது. புருஷன் அவள் தோளைத் தொட்டான். "போதும், வா. இடுப்பு கடுக்கும்."

அவள் காலை நீட்டிச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள்.

"இரு. இன்னும் முப்பத்தேழு இருக்கு."