பன்னிரண்டாவது கால்

“மதலே, பாப்பா கால் சூடா இருக்கா பாரு” என்று அவர் கேட்டபோது நான் மீன் உரசிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். அன்றைக்கு மட்டும் அது ஏழாவது தடவை. குழந்தை தூளியில் தூங்குகிறது. அவர் தூளிக்கு ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், தானே தொட்டுப் பார்க்கலாம். தொடமாட்டார். நான் கையைக் கழுவித் துடைத்துப் போய்த் தொட்டு, “சூடாத்தான் இருக்கு” என்று சொன்னால்தான் அவருக்கு மூச்சு வரும். மதலேனம்மாளுக்குப் பொறுமை கிடையாது என்று என் மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட நான் எரிந்து விழவில்லை. அதை யாராவது மாமியாரிடம் சொன்னால் தேவலை.

என் வீட்டுக்காரர் அற்புதசாமிக்குப் பொன்மலையில் ரயில்வே ஃபிட்டர் வேலை. அது போக, விபத்து வண்டி கேங்கிலும் பேர் இருந்தது. எங்காவது ரயில் தடம் புரண்டால் சங்கு விட்டு விட்டு ஊதும். சோற்றுத் தட்டில் கை இருந்தாலும் எழுந்து ஓடவேண்டும். ஜாக்கியும் ரம்பமும் ஏற்றிய வண்டி இவர்களுக்காகக் காத்து நிற்கும். ஒன்பது வருஷம் ஓடினார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் உண்டு.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு காட்டாறு பாலத்தை அடித்துக்கொண்டு போனது. பாசஞ்சர் வண்டியின் இரண்டு பெட்டிகள் தண்ணீரில் விழுந்தன. விடியும் நேரத்தில் இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. நசுங்கிய பெட்டிக்குள் ஆளின் முகம் எட்டாது, பெரும்பாலும் கால்தான் கைக்குக் கிடைக்கும். காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் முதலில் அங்கே இரும்பை அறுப்பார்கள். சில்லென்று இருந்தால் கணுக்காலில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்வார்கள். உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற நேரம் வேண்டுமே. இவர் ஒரு காலைத் தொட்டார், சில்லென்று இருந்தது, துணியைக் கட்டினார், நகர்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அந்த ஆளை வெளியே எடுத்தபோது டாக்டர், “இப்பத்தான் போயிருக்கு, கால் மணி நேரம்கூட ஆகல” என்றாராம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த கால் சில்லென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? இது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கை பழக்க தோஷத்தில் துணியைக் கட்டிவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு தடவை சங்கு ஊதியது. இரண்டு தடவையும் ஓடினார், வண்டியில் ஏறினார். போன இடத்தில் படியை விட்டு இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மேஸ்திரி ஜெகபர் சாதிக் பாய் நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து, “ஈஸ்டர் வரைக்கும் உன் பேரு இருக்கட்டும் அற்புதம். அதுக்கு மேல என்னால முடியாது. ஒர்க்ஷாப்புக்குள்ளயே இருந்துக்க, யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பாய் போனதும் சொல்லிப் பார்த்தேன்.

“பேரை எடுத்தா அந்த ஆளை ரெண்டாந்தடவை விட்டுட்டுப் போன மாதிரி, மதலே” என்றார். “எடுக்கமாட்டேன்.”

சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டுதான் இருந்தார். “மன்னிப்புக் கிடைச்சிருச்சுன்னு சாமி சொல்றாரு. நானும் நம்புறேன். என் கைக்குத்தான் அது தெரியல” என்றார் ஒரு நாள். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன். பங்குச் சாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். செபம் பண்ணும்மா என்று சொல்லி அனுப்பினால் சண்டை போடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “பெரிய வியாழன் பூசையில, ஆண்டவர் சீஷருக்குச் செஞ்ச மாதிரி, பன்னெண்டு பேருக்குக் கால் கழுவணும். நான் கழுவுறப்ப ஒருத்தர் பக்கத்துல இருந்து காலைத் தாங்கிப் பிடிக்கணும். வருஷா வருஷம் உபதேசியார் பிடிப்பாரு. இந்த வருஷம் அவருக்கு இடுப்பு வலி” என்றார். அந்த உபதேசியார் முந்தின நாள்தான் கோவில் பெஞ்சைத் தனியாளாகத் தூக்கிப் போட்டார், நான் என் கண்ணால் பார்த்தேன். சாமியும் பொய் சொல்வார்போல. தோத்திரம் சொல்லிவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

காலைப் பிடிக்க வரச் சொன்னதும் இவர் முடியவே முடியாது என்றார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. குருத்து ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது திடீரென்று நடுத்தெருவில் நின்று, “பன்னெண்டு பேருதானே?” என்று கேட்டார்.

“பன்னெண்டே பேருதான்.”

“வரேன்னு சாமிகிட்ட சொல்லிடு.”

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கே கோவில் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் முழங்கையால் இடம் பிடித்தேன். பிரசங்கம் முடிந்து சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆள் முன்னால் மண்டியிட்டார். இவரும் பக்கத்தில் மண்டியிட்டார். கை அந்தக் காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. எனக்குச் செபம் எதுவும் வரவில்லை, “பிடிங்க, பிடிங்க” என்றுதான் வந்தது. பிடித்துவிட்டார். பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்த கால், நன்றாகவே சுட்டிருக்கும். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறாவது ஆளுக்கு வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஆனால் கை தயங்கவில்லை.

கடைசி ஆள் பிச்சைமுத்து. ஸ்ரீரங்கத்துப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். சாமி கை படப்போகிற கால் அழுக்காக இருக்கலாமா என்று, பிரசங்கம் நடக்கும்போதே நைசாக எழுந்து கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாக ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, வேட்டி நுனி சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்திருந்தார். ரத்தம் சுண்டிய வயசான கால், அதிலும் கிணற்றுத் தண்ணீர்.

இவர் அந்தக் காலைத் தொட்டார். தொட்டதும் முதுகு விறைத்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். எழுந்து ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடினால் பின்னாலேயே நானும் ஓடுவது என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். சாமி தண்ணீர் ஊற்றினார், கழுவினார், துடைத்தார். காரியம் முடிந்துவிட்டது. இவர் காலை விடவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து குதிகாலுக்கு அடியில் கொடுத்தார்.

பெரியவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து, “விடுங்க தம்பி, முடிஞ்சிருச்சு” என்றார்.

“இருங்கய்யா. இன்னும் சூடாகல.”

இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். பாடுகிறவர்கள் பாட்டை முடித்துவிட்டு, சாமி இன்னும் எழுந்திருக்கவில்லை என்று பார்த்து, மறுபடி முதல் அடியிலிருந்து எடுத்தார்கள். பின் வரிசைகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சாமிக்கு மூட்டு வலி உண்டு. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மண்டியிட்டபடியே காத்திருந்தார். இவர் யாரையும் பார்க்கவில்லை. வெடித்துப்போன அந்தக் குதிகாலும் பாதமும் கைகளுக்குள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. அதையும் உள்ளே சேர்த்துப் பொத்திக்கொண்டார்.